கையில் ஒரு பழங்காசு: என்ன காசு, அசலா போலியா என்று கண்டறிவது எப்படி?

பழைய வீட்டை இடிக்கும்போது சுவரிலிருந்து விழுந்திருக்கலாம். பாட்டியின் பெட்டியில் துணி முடிச்சுக்குள் இருந்திருக்கலாம். சந்தையில் ஒருவர் ‘ராஜராஜன் காசு’ என்று சொல்லி விற்றிருக்கலாம். எப்படி வந்தாலும், கையில் கிடைத்ததும் பலரும் செய்வது இரண்டு காரியம்: புளி போட்டுத் தேய்ப்பது, அதன்பின் படம் எடுத்து ‘என்ன விலைக்குப் போகும்’ என்று கேட்பது. முதலாவது காசைக் கெடுக்கும். இரண்டாவது உங்களை ஏமாற்றுக்காரர் கையில் கொண்டுபோய் விடும்.

ஒரு காசை அடையாளம் காண்பதும் போலியா என்று பார்ப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல. எடை, உலோகம், செய்த முறை, உருவமும் எழுத்தும் ஆகிய நான்கும் ஒரே காலத்தையும் ஒரே இடத்தையும் காட்ட வேண்டும். போலி செய்பவர் பெரும்பாலும் உருவத்தில் மட்டும் கவனம் வைப்பார். மற்ற மூன்றில் மாட்டிக்கொள்வார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அடிக்கடி கைக்கு வரும் காசுகளை வைத்தே கீழே படிகளைச் சொல்கிறேன்.

1. கழுவாதீர்கள்

செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சை, கரும்பழுப்புக் களிம்பு அழுக்கு அல்ல. உலோகத்தின் மேல்தோலே காலப்போக்கில் அப்படி மாறியிருக்கிறது. எழுத்தின் மேடு பெரும்பாலும் அந்தத் தோலில்தான் நிற்கிறது. புளி, எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் துலக்கும் பொடி, பற்பசை, கம்பித் துருவல் எதைப் போட்டாலும் தோல் உரிந்து, படிக்க வேண்டிய எழுத்தும் போய்விடும். களிம்புதான் அசல் என்பதற்கான முதல் சாட்சி. அதை அழித்தபின் நிபுணரிடம் போனால் அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மண் ஒட்டியிருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து, இளகிய மண்ணை மூங்கில் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். இளகாததை விட்டுவிடுங்கள். ஊசி, பிளேடு கூடாது. குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் உள்ள உப்பு செம்பை அரிக்கும்.

வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் புள்ளிகள் இருந்தால் அது வேறு கதை. குளோரைடு உப்பு உள்ளே இருந்து செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். துடைத்தாலும் சில நாளில் திரும்ப வரும். அந்தக் காசைத் தனியாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம்தான் அதற்குத் தீனி.

ஈயக் காசை ஊறவே போடாதீர்கள். தொட்டபின் கையைக் கழுவுங்கள். வெள்ளியின் கருமையை அப்படியே விடுங்கள்.

2. எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதுங்கள்

வாங்கிய காசு என்றால் ரசீதை எடுத்து வையுங்கள். குடும்பச் சொத்து என்றால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வாங்குங்கள்.

மண்ணிலிருந்து வந்தது என்றால் கட்டாயம் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்தது மட்டுமல்ல, மண்ணோடு பொருந்திய சுவரிலோ கட்டடத்திலோ மறைந்திருந்ததும் அதன்படி புதையல்தான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலக் கணக்கு. இன்று எந்தப் பானைக் காசும் அதைத் தாண்டிவிடும். கடிதத்தில் இருக்க வேண்டியவை மூன்று:

- என்ன பொருள், எத்தனை, ஏறத்தாழ என்ன மதிப்பு
- எந்த இடத்தில் கிடைத்தது (ஊர், சர்வே எண் எழுதுவது நல்லது)
- எந்த நாளில் கிடைத்தது

நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகவே போகும். எங்கே கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புதல் ரசீது இல்லாமல் காசை ஒப்படைக்காதீர்கள். ஒப்படைக்கும் முன் எண்ணி, எடைபோட்டு, படம் எடுத்து, அந்தப் பட்டியலிலேயே கையெழுத்து வாங்குங்கள். ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருவோர் வர வேண்டிய நாள் அந்த அறிவிப்பிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்போ ஆறு மாதத்துக்குப் பின்போ இருக்காது. ஆகவே அரையாண்டாவது ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காமல் மறைத்தால் உங்களுக்கு வரக்கூடிய பங்கு அரசுக்குப் போகும். ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வேலைக்கு வந்தவர்களும் நில உரிமையாளரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு ஒருவர் விற்கப்போய் மாட்டினால் எல்லோர் வீட்டுக்கும் காவலர் வருவார்கள்.

இலங்கையில் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தனி. அங்கும் கண்டெடுத்ததை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், கிடைத்த இடம் தெரிந்த காசு ஆய்வாளருக்குப் பத்து மடங்கு பயன்படும். பானையோடு கிடைத்தால் பானை ஓட்டையும் எறியாதீர்கள்.

3. எடை, அளவு, உலோகம்

வேண்டிய கருவிகள் மூன்றுதான்: 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, டிஜிட்டல் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ். மூன்றுமே சில நூறு ரூபாய்க்குள் தனித்தனியே கிடைக்கும். 30 மடங்கு, 60 மடங்கு என்று விற்கும் மலிவு லென்ஸை வாங்க வேண்டாம். படம் தெளிவாக இருக்காது. தராசோடு வரும் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பின்பே எடைபோடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எடைகள்:

- ராஜராஜன் பெயரிட்ட செம்புக் காசு: ஏறத்தாழ 3.5 முதல் 4.5 கிராம்
- விஜயநகரத் தங்க வராகன்: 3.4, அரை வராகன்: 1.7
- தங்கப் பணம் (‘பணம்’ என்ற பெயருள்ள மிகச் சிறிய தங்கக் காசு): 0.35 முதல் 0.4
- ரோம வெள்ளி தினாரியஸ் (அகஸ்டஸ், திபேரியஸ் காலம்): 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு
- 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளி ரூபாய்: 11.66
- அதே ஆண்டுக் கால் அணா: 6.47

சங்ககாலச் சதுரக் காசுகளுக்கு எடை ஒரே சீராக இருக்காது. அங்கே எடையை வைத்து முடிவு கட்டாதீர்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் எடை கறாரானது. கொஞ்சம் குறைந்தால் தேய்மானம் என்று சொல்லலாம். கூடினால் அதற்குச் சமாதானமே கிடையாது.

அடுத்தது அடர்த்தி. தராசில் ஒரு சிறு கிண்ணம் தண்ணீர் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. செம்புக்கு 8.9, சுத்த வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.3, சுத்தத் தங்கத்துக்கு 19.3. 11.60 கிராம் உள்ள கம்பெனி ரூபாயைத் தொங்கவிட்டால் 1.12 அல்லது 1.13 காட்ட வேண்டும். 1.35 காட்டினால் அது ஜெர்மன் சில்வர் வகை, அதாவது வெள்ளியே இல்லாத வெண்ணிற உலோகக் கலவை. 3.4 கிராம் வராகன் நல்ல தங்கமாக இருந்தால் 0.20க்கு ஒட்டி வரும். முலாம் பூசிய பித்தளை 0.40 காட்டும்.

நூலில் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஒட்டாது. தங்கப் பணத்துக்கு இந்தச் சோதனை உதவாது: அது தள்ளும் தண்ணீர் 0.02 அல்லது 0.03 கிராம்தான்; தராசின் பிழையே 0.01.

காந்தம்: ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ, சந்தேகமே வேண்டாம். ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. நகைக்கடைக்கு எடுத்துப்போனால் உரைகல்லில் உரசவோ, அரத்தால் கீறவோ விடாதீர்கள். தங்கத்தின் தரத்தை அளந்து சீட்டு அடித்துத் தரும் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம், சேதமில்லை. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். தடித்த முலாமையும் களிம்பையும் உலோகம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டையும் அடர்த்தியையும் சேர்த்தே பாருங்கள்.

4. படம்

ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழட்டும். மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். இரு பக்கமும் விளிம்பும் தனித்தனியே, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலோடு. காசைக் கால்வட்டமாகத் திருப்பி மேலும் சில படங்கள் எடுங்கள். தேய்ந்த எழுத்து ஒரு கோணத்தில்தான் கண்ணுக்குப் படும்.

5. உருவமும் எழுத்தும்

இங்கேதான் பொறுமை வேண்டும். பாதிக் காசுகள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததாலேயே ‘அடையாளம் தெரியாதவை’ ஆகின்றன. எழுத்தைத் தேடாமல் முதலில் உருவத்தைத் தேடுங்கள்.

சதுரம் அல்லது நீள்சதுரச் செம்பு, ஒரு பக்கம் யானை, அதற்கு மேலே சிறு சின்னங்கள், மறுபக்கம் கோடுகளால் ஆன மீன்: சங்ககாலப் பாண்டியர். மீன் உண்மை மீன் போல இருக்காது. கோணல் கோடுகளாகவே தெரியும். வால் தூக்கிய புலி சோழர். வில்லும் அம்பும் சேரர். குதிரை என்றால் திருக்கோவிலூர்ப் பக்கத்து மலையமான். மதுரையில் வைகைப் படுகையிலும் கரூரில் அமராவதிப் படுகையிலும் இவை நிறையக் கிடைத்துள்ளன. ‘பெருவழுதி’, ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் இருந்தால் அது அரிய காசு. அரிய காசு என்பதாலேயே போலி அதிகம். பெயர் தெளிவாகத் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் ஆறாம் படிக்குப் போங்கள்.

வட்டச் செம்பில் ஒருபக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள். தமிழகத்தில் புதியவர்கள் மிக அதிகமாகக் கொண்டுவருவது இதுதான். உடல் குச்சிகளாகவும் முகம் ஒரு குமிழாகவும் இருக்கும். பலர் இதைத் தேள் என்றும் மரம் என்றும் சொல்வார்கள். உட்கார்ந்த ஆளின் இடக்கைப் பக்கம் மூன்று வரியில் எழுத்து இருக்கும். சோழ மன்னன் காசு என்பதால் தமிழ் எழுத்தைத் தேடினால் கிடைக்காது. அது நாகரி: ஸ்ரீ, ராஜ, ராஜ. இதே உருவத்தை இலங்கை மன்னர்களும் வெளியிட்டார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், புவனேகபாகு என்று பெயர் மட்டும் மாறும். அதனால் உருவத்தைப் பார்த்து ‘ராஜராஜன்’ என்று சொல்லிவிடாதீர்கள். நாகரி எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்தாவது உறுதியாகத் தெரிந்த பின் பெயர் வையுங்கள். அமர்ந்த காளையும் தமிழில் ‘சேது’ என்ற எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள்.

பல்லவர் காசில் காளையும் இரட்டைப் பாய்மரக் கப்பலும் வரும். யானையும் பாரசீக எழுத்தும் உள்ள தடித்த செம்பு திப்பு சுல்தானுடையது. அதில் பிற்கால ஆண்டு எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை, அப்படியே படித்தால் ஆண்டு தவறும். அல்லி மலரும் தமிழில் ‘புதுச்சேரி’யும் இருந்தால் பிரெஞ்சுக்காரரின் துட்டு. வி.ஓ.சி. என்று மூன்று ரோமன் எழுத்துகள் பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி, வ.உ.சி.யோடு அதற்குத் தொடர்பில்லை. முடிக்குக் கீழே எழுத்துப் பின்னல் உள்ள சின்னச் செம்பு தரங்கம்பாடி டேனிஷ் காசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நகம் அளவுள்ள, தேய்ந்த செம்புக் காசில் தலை மட்டும் தெரிந்தால் அதை எறியாதீர்கள். நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் சில்லறை கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் ஏராளம். அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த காசுகளும் உண்டு. அவை நவீனப் போலி அல்ல, அவையும் பழங்காசே.

பெயர் ஒன்று தோன்றியதும் ஸீனோ, நியுமிஸ்டா போன்ற இணையத் தொகுப்புகளில் அதே வகையைத் தேடி, எடையையும் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். படம் ஒத்து எடை ஒவ்வாவிட்டால் அடையாளம் தவறு, அல்லது காசு தவறு.

6. போலியைப் பிடிப்பது

*முதல் வகை: எந்தக் காலத்திலும் இல்லாத காசு.* ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஒன் அணா’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ லட்சுமியோ உள்ள பெரிய செம்புக் காசு. வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஓர் அணா நாணயம் இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது 1907ல். கம்பெனி ஆட்சி 1858லேயே முடிந்துவிட்டது. இவை பக்திக்காகவும் நினைவுக்காகவும் அடித்து விற்ற வில்லைகள். பூஜையில் வைப்பதில் தவறில்லை; லட்சம் கொடுத்து வாங்குவதுதான் தவறு. இதற்காகச் சாமி உருவம் இருந்தாலே போலி என்று எண்ணவும் வேண்டாம். சென்னையில் கம்பெனி வெளியிட்ட தங்க வராகனில் திருமால் உண்டு. வெள்ளி அரை வராகனில் ஒருபக்கம் கோபுரம், மறுபக்கம் தமிழும் தெலுங்கும் சூழத் திருமால் உண்டு.

*இரண்டாம் வகை: வார்ப்பு.* அசலை அச்செடுத்து உலோகம் ஊற்றியது. லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: இரு பாதி சேர்ந்த கோடு, அல்லது அதை அரத்தால் ராவிய தடம். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சிறு உருண்டைகள். எழுத்தின் ஓரம் சோப்பில் செதுக்கியது போல வழுவழுப்பாக இருக்கும். அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த காசில் ஓரம் வெட்டாக இருக்கும். அடித்த வேகத்தில் உலோகம் ஓடிய கோடுகளும் விளிம்பு வெடிப்பும் தெரியும். அதே நேரம், சில பழங்காசுகள் வார்த்துச் செய்யப்பட்டவைதான். ஆகவே ‘இந்த வகையை அன்று அடித்தார்களா, வார்த்தார்களா’ என்று தெரிந்த பின்பே இந்தச் சான்றைப் பயன்படுத்துங்கள்.

விற்பவரிடம் அதே வகையில் இன்னொன்று கேளுங்கள். கையால் அடித்த காசுகளில் அச்சு நகர்ந்திருக்கும். இரு பக்கங்களின் கோணமும் விளிம்பின் வடிவமும் ஒன்றுக்கொன்று மாறும். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே குழி, ஒரே வெடிப்பு இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் ஊற்றியவை.

*மூன்றாம் வகை: புது அச்சில் அடித்தது.* இதுதான் கடினம். காசு தேய்ந்தால் மேடு முதலில் தேயும், பள்ளம் கூர்மையாக நிற்கும். மேடு பள்ளம் இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள்: இன்றைய அச்செழுத்துப் போலச் சீராக, ஒரே தடிமனில் இருந்தால் வரைந்தவருக்குப் பழைய எழுத்துப் பழக்கமில்லை.

*நான்காம் வகை: அசல் காசில் கைவைத்தது.* தேய்ந்த எழுத்தை உளியால் ஆழப்படுத்துவார்கள். எழுத்தின் பள்ளத்தில் மட்டும் களிம்பு இல்லாமல் புது உலோகம் தெரிந்தால் இதுதான்.

பொய்க் களிம்பை அசிட்டோனில் நனைத்த பஞ்சு காட்டிக்கொடுக்கும்; சாயம் பஞ்சில் ஏறும். உண்மைக் களிம்பு ஏறாது. களிம்பு பள்ளங்களில் மட்டும் தடவியது போலத் திரண்டு, மேட்டில் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகியுங்கள்.

வெட்டுத் தழும்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேல் உளிவெட்டு இருந்தது. அந்தத் தழும்பு பழைய காலத்தது.

‘ரைஸ் புல்லிங்’, அரிசியை இழுக்கும் இரிடியக் காசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். செம்புக் காசு எதுவும் அரிசியை இழுக்காது; அரிசியில் இரும்புத் தூளும் காசுக்குள் காந்தமும் இருக்கும். ‘சோதனைக் கட்டணம்’ என்று உங்களிடம் பணம் கறப்பதற்கான ஏற்பாடு அது.

7. யாரிடம் காட்டுவது

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரில் போகுமுன் கடிதமோ மின்னஞ்சலோ எழுதிச் சந்திக்கும் நேரம் கேளுங்கள். கூடவே இருக்க வேண்டியவை: எடை, விட்டம், தடிமன், அடர்த்தி, இரு பக்கப் படம், விளிம்புப் படம், கிடைத்த இடம், உங்கள் ஊகம். இத்தனையும் ஒரே பக்கத்தில் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். ‘இதன் விலை என்ன’ என்று கேட்காதீர்கள். அருங்காட்சியகத்தார் விலை சொல்வதில்லை. ‘இது எந்த வகை, அச்சு முறை ஒத்துப்போகிறதா’ என்று கேளுங்கள். ஊரில் நாணயச் சேகரிப்போர் சங்கம் இருந்தால், அதன் கண்காட்சிக்குப் போய் அதே வகை அசல் காசுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நூறு படம் சொல்லாததை அசல் பத்தைத் தொட்டுப் பார்த்த விரல் சொல்லும்.

8. வாங்கும்போதும் விற்கும்போதும்

ரசீதில் காசின் வகை, எடை, உலோகம், ‘அசல் என்று உறுதியளிக்கப்படுகிறது, போலி எனத் தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வரி, திருப்பித் தரும் காலக்கெடு எல்லாம் இருக்க வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கொடுப்பவரிடம் விலையுயர்ந்த காசு வேண்டாம். பழம்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்பவருக்கு 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி உரிமம் தேவை, கேட்டுப் பாருங்கள். தேய்ந்த சோழச் செம்புக் காசுகள் சந்தையில் மலிவாகவே கிடைப்பவை. அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் விலையே பொய்.

விற்கும்போது, வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி. பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்பதாகப் புகார் வந்து, 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது.

நூறாண்டு தாண்டிய எந்த நாணயமும் சட்டப்படி பழம்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டுபோகவோ முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை நீளலாம். தரச்சான்று வாங்க அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்புவதும், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுப்பதும் ஏற்றுமதிதான். போலி என்று தெரிந்த காசை எடுத்துப்போவதானாலும், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘பழம்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத்தான் கேட்பார். பயண நாளுக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.